ஆறு வரிகளும் ஒரு படமும்

எங்கள் பங்குக் கோவிலின் பொன்விழா மலரில், நாற்பத்தோராம் பக்கத்தில், என் படம் இருக்கிறது. இளநீலச் சட்டை, புதிதாக ஒழுங்குசெய்த மீசை, மேசைமேல் ஊன்றிய கை. அதற்கென்றே ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக விழுந்திருக்கிறது என்றார்கள். அந்த மலரை நான் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கப்பல் நிற்காது, பெட்டி நின்றுவிடும். அதனால் யாருடைய பெயரைக் கேட்டாலும் எழுத்தெழுத்தாக விசாரிக்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது. எழுத்திலிருந்து பொருளுக்குப் போனேன். லத்தீன் அகராதி ஒன்று, கிரேக்கச் சொற்கள் கொண்ட பழைய புத்தகம் ஒன்று என்று வாங்கிச் சேர்த்தேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். பவுல் என்றால் சிறியவன், அதைத்தான் அந்தக் காலத்துச் சாமியார்கள் சின்னப்பன் என்று வைத்தார்கள் என்பேன். யோவான் என்றால் ஆண்டவர் அருளினார், அதனால் அருளப்பன் என்பேன். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த வாய்களைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவும் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் பெயர் கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட முதல் வேதசாட்சியின் பெயர். கிரேக்கத்தில் கிரீடம் என்று பொருள். தமிழில் அதை முடியப்பன் ஆக்கினார்கள். என் தலையில் நாற்பது வயதிலேயே முடி கொட்டிவிட்டது. ‘முடி இல்லாத முடியப்பன்’ என்று பாடகர் குழுவில் என்னைக் கேலி செய்யத் தொடங்கியவர்தான் இந்தக் கதைக்கு உரியவர். அவர் பெயர் ஒனேசிம்.

எங்கள் கடற்கரையில் அந்தோணிகளும் மிக்கேல்களும் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. ஒனேசிம் ஒரே ஒருவர்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பின்தெருவில் வீடு. முப்பது வருடம் சங்கு குளித்துக் காது மந்தமானபின், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாடகர் குழுவில் அரைத் தாளம் பிந்தித்தான் பாடுவார், ஆனாலும் அந்தக் கனத்த குரல் இல்லாமல் பாட்டு நிற்காது. சின்ன வயதிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணன் என்பேன்.

அவர் பெயர் ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அலைந்து திருத்திக் கொடுத்தவன் நான். அத்தனை தடவை அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். இது எப்படி உங்களுக்கு வந்தது என்று ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. அகராதியில் பொருள் இருக்கும்போது ஆளிடம் கேட்பானேன் என்ற திமிர்தான்.

மலருக்குக் கட்டுரை கேட்டபோது ‘ஆதிக் கிறிஸ்தவர்களின் பெயர்களும் பொருளும்’ என்று எழுதினேன். ரோமாபுரியில் அடிமைகளுக்கு எசமானர்கள்தான் பெயர் வைத்தார்கள். மூன்றாவதாக வாங்கியவனை மூன்றாமவன் என்றும், நாலாவதை நாலாமவன் என்றும் கூப்பிட்டார்கள். நல்ல வேலை வாங்கவேண்டும் என்ற ஆசையில் ஒருவனுக்குப் பயனுள்ளவன் என்று பெயர் வைத்தார்கள். அதுதான் ஒனேசிம். இதையெல்லாம் எழுதிவிட்டு, அவனுடைய கதையையும் எழுதினேன். எசமானைவிட்டு ஓடிப்போனவன், சிறையில் இருந்த பவுலடியாரைக் கண்டு மனம் மாறினான். அவர் அவனைத் திருப்பி அனுப்பும்போது கையில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார். இவனை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்று அதில் கேட்டிருந்தார். பின்னாளில் அவன் ஆயராகவே ஆனான் என்றும் சொல்வார்கள். பவுலடியாரைக் கண்டது முதல் இதுவரை ஆறு வரி.

பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த பெண் போன் செய்தாள். ஆறு வரி மிஞ்சுகிறது, படத்தைச் சின்னதாக்கட்டுமா, இல்லை எங்காவது வெட்டிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். படத்தைச் சின்னதாக்கினால் முகம் தெரியாது என்றும் சொன்னாள். நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. என் பெயரைப் பற்றிய பத்தியில் கைவைக்க மனம் வரவில்லை, படத்திலும் வரவில்லை. பேச்சோடு பேச்சாக அந்த ஆறு வரியைத் தூக்கச் சொன்னேன்.

மலர் வந்தது. அதில் இப்படி இருந்தது: ஒனேசிம் என்றால் பயனுள்ளவன், அடிமைகளுக்கு வைத்த பெயர், எசமானைவிட்டு ஓடிப்போன ஒருவனின் பெயர். முற்றுப்புள்ளி. அதற்கு அடுத்த பத்தியில் நான், கிரீடத்தோடு.

எங்கள் பக்கத்தில் மூத்த மகனுக்கு முதல் ஆண்பிள்ளை பிறந்தால் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர்தான். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். அண்ணனின் மருமகள் அப்போது ஏழு மாதம். ஆணாகப் பிறந்தால் ஒனேசிம் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஐஸ் உடைக்கிற இடத்தில் சொல்லியாயிற்று, பாடகர் குழுவில் சொல்லியாயிற்று. இந்த ஊரில் அந்தப் பெயருக்கு இரண்டாவதாக ஓர் ஆள் வரப்போகிறான் என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார். அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மலர் வெளியான இரண்டாவது சனிக்கிழமை சீலா மீன் வாங்க மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஏலம் முடிந்து கூடைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் உரத்த குரலில், “ஏ அடிமை, ஐஸ் எங்க?” என்று கேட்டான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். இன்னொருவன், சத்தம் போடாதலே, ஓடிப்போயிருவான் என்றான். ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து, “இந்தா வாரேன்” என்று பதில் வந்தது. அண்ணனின் குரல்.

அவர் அந்தப் பெயருக்குப் பதில் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. கோபப்பட்டிருந்தால் நானும் சேர்ந்து நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் ஐஸைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், கையைக் கைலியில் துடைத்தார்.

“வாங்க சார், சீலாவா?” என்றார்.

ஐம்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னை முதல் தடவையாக சார் என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மலரில் படம் போட்டு வந்திருக்கிற ஒருவனை அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்று அவராகவே முடிவு செய்துவிட்டதுபோல் இருந்தது. என்ன வாங்கினேன் என்று நினைவில்லை. வீட்டில் மனைவி பொதியைப் பிரித்து, சீலா வாங்கப் போனவர் சூடை வாங்கி வந்திருக்கிறீர்களே என்றாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் போனேன். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிடம் கொடுத்தால் விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் சிறிது நேரம் தாடையைத் தடவினார். இப்போது கட்டுரையைப் படித்த பத்துப் பேருக்குத்தான் தெரியும், மைக்கில் சொன்னால் பங்கு முழுவதற்கும் தெரிந்துவிடும், பாவம் அந்த மனிதர் என்றார். அடுத்த மலரில் திருத்தம் போடலாமே என்றும் சொன்னார். அடுத்த மலர் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு, இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் வரும். நான் சரி என்று தலையாட்டினேன். மைக்கில் பேசவேண்டாம் என்றானதில் எனக்கு உள்ளூர ஒரு விடுதலை கிடைத்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை என்று கேள்விப்பட்டதும் அண்ணனின் மகன் வீட்டுக்குப் போனேன். மகனும் மருமகளும் மில்லர்புரத்தில் தனியாகக் குடியிருந்தார்கள். மருமகளின் அம்மாவும் பிள்ளைப்பேற்றுக்காக வந்திருந்தார். காப்பி கொடுத்தார்கள். நான் அந்த ஆறு வரியையும் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். அடிமை என்பது பாதிக் கதைதான், மீதிப் பாதியில் அவன் சகோதரன், ஆயர், புனிதர் என்றேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

மருமகள் படித்த பெண், நிதானமாகப் பேசுகிறவள். நான் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு உள்ளே போய் மலரை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

“இதுல நீங்கதான மாமா எழுதியிருக்கீங்க. இப்ப வந்து வேற மாதிரி சொல்லுதீங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் இதப் படிச்சுட்டு எம்பிள்ளைய அடிமைன்னு கூப்பிட்டா, நீங்க வந்து மீதிக் கதையச் சொல்லுவீங்களா?” என்று கேட்டாள்.

விரித்த பக்கத்திலிருந்து என் படம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகன் தரையைப் பார்த்துக்கொண்டு, அப்பாவுக்கும் இதில் வருத்தம் ஒன்றும் இல்லை சித்தப்பா, அவரே வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றான். மருமகளின் அம்மா மட்டும் முகம் மலர்ந்து, கட்டுரை ரொம்ப நன்றாக இருந்தது, நாங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம் என்றார். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு தட்டில் கற்கண்டும் ஆத்தூர் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். என் மனைவி உட்காரச் சொன்னாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் சாய்மான நாற்காலியில் காலை நீட்டிப் படுத்து மதியத் தூக்கம் போட்டிருக்கிற மனிதர் அவர்.

“வாற ஞாயித்துக்கிழம பேரனுக்கு ஞானஸ்நானம், சார். ஒங்க பேருதான் வச்சிருக்கோம். கிரீடம்னு நல்ல அர்த்தம்லா. நீங்களே ஞானத்தகப்பனா நின்னுட்டா எங்களுக்குப் பெருமையா இருக்கும்.”

தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுதவே கூசுகிறது. அந்த நொடியில் எனக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது. எனக்குப் பெண்பிள்ளைகள் மட்டும்தான். என் பெயரைத் தாங்க ஒருவன் வருகிறான் என்று ஒரு கணம், ஒரே கணம், உள்ளே இனித்தது. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம். அந்த இனிப்புக்கு நான் எந்தச் சாக்கைச் சொல்ல?

பிறகுதான் கேட்டேன். அத்தனை வருடம் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “அண்ணே, ஒங்களுக்கு இந்தப் பேர யாரு வச்சது?” என்றேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். எதற்கு இப்போது என்பதுபோல் என் மனைவியைப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார். அவருடைய அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தவர். தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர், ஒருநாள் எல்லோர் முன்னாலும் கயிற்றால் அடித்துவிட்டார். அந்த அவமானத்தில் அப்பா கொழும்பில் இறங்கி ஓடிவிட்டார். ஒரு வருடம் கழித்து எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார். தோணிக்கார முதலாளி படியேற்ற மறுத்தார். வேறு யாரும் வேலை தரவில்லை. அப்போது எங்கள் பங்கு இல்லை, பெரிய கோவிலில் போய் அழுதிருக்கிறார். அப்போதிருந்த சாமியார் ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்து முதலாளியிடம் அனுப்பினார். உம்முடைய ஒனேசிமைத் திருப்பி அனுப்புகிறேன், இவனை வேலைக்காரனாகப் பார்க்காதீர், தம்பியாகப் பாரும் என்று அதில் எழுதியிருந்தது. முதலாளி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பாடு. மறுநாளே தோணியில் வேலை. அடுத்த வருடம் மகன் பிறந்ததும் அப்பா அதே சாமியாரிடம் போய், சீட்டில் எழுதிய பெயரையே வையுங்கள் சாமி என்று சொல்லியிருக்கிறார்.

“அந்தப் பேருதான் எங்க வீட்டுக்குச் சோறு போட்டுதுன்னு அப்பா சொல்லுவாக,” என்றார்.

நான் அழுதேன். பெரிய மனிதத்தனமாக இல்லை, மூக்கு ஒழுக அழுதேன். இது தெரிந்திருந்தால் கட்டுரை முழுவதையும் இதை வைத்தே எழுதியிருப்பேனே அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீங்க கேக்கலியே,” என்றார் அவர். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

ஆறு வரியை வெட்டியதையும் சொல்லிவிட்டேன். படத்துக்காக வெட்டினேன் என்றே சொன்னேன். அவருக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தடவை உரக்கச் சொல்லவேண்டி வந்தது. அடுக்களையில் இருந்த மனைவிக்கும் கேட்டது. அவர் தட்டில் சரிந்த வெற்றிலையை நேராக வைத்தார். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது சார் என்றார்.

இரண்டு பெயரும் சேர்த்து வைக்கலாம், உங்கள் பெயர் முன்னால், என் பெயர் பின்னால், நான் மருமகளிடம் பேசுகிறேன் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். ரெண்டு பேரு வச்சா அட்டைல ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒண்ணுன்னு ஆயிரும், அது ஒங்களுக்குத் தெரியாததா, என்னய மாதிரி அந்தப் புள்ளையும் ஆபீஸ் ஆபீஸா அலையவேண்டாம் என்றார். பெயர் விஷயத்தில் நான் இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த புத்திமதி அது. நான் வரமாட்டேன் என்று மறுத்திருக்கலாம். தட்டோடு வந்த மனிதரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம். பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, தலையில் லேஸ் வைத்த தொப்பி. பால் வாசம். அண்ணன் தூணோரம் தன் மனைவியோடு நின்றார். மருமகளின் அம்மா போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பாதர் வழக்கப்படி பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று கேட்டார். பெற்றோர் சொல்லவேண்டியது. மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், நீங்களே சொல்லுங்கள் சித்தப்பா என்று மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டான்.

ஒனேசிம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. நான்கு எழுத்து. மைக்கில் சொல்லிவிட்டால், பாதர் தண்ணீர் ஊற்றிவிட்டால், யாராலும் மாற்ற முடியாது. மருமகள் கோபப்படுவாள், அவள் அம்மா என் முகத்தில் விழிக்கமாட்டார், அவ்வளவுதானே. வாயைத் திறந்தேன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. என் பெயரைச் சொன்னேன். திக்கவில்லை, திணறவில்லை, எழுத்தெழுத்தாகத் தெளிவாகச் சொன்னேன்.

முடிந்ததும் சக்ரீஸ்துவில், பூசை உடுப்புகள் வைக்கும் அந்தச் சிறிய அறையில், பதிவேட்டைப் பிரித்து வைத்தார்கள். கோவில் உபதேசியார் முன்னமே எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. தொழில் புத்தியில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிள்ளையின் பெயர் என்ற இடத்தில் என் பெயர். ஞானத்தகப்பன் என்ற இடத்தில் மறுபடியும் என் பெயர். ஒரே வரியில் இரண்டு தடவை. தாத்தாவின் பெயருக்கு அந்த ஏட்டில் கட்டம் கிடையாது. தகப்பன் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தாக ஓர் ‘ஒ’ இருந்தது, பக்கத்தில் ஒரு புள்ளி. அவர் பெயரில் அங்கே மிஞ்சியது அவ்வளவுதான்.

வாசலில் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா சார் என்று கேட்டார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்றேன்.